மாட்டு உண்ணிக்கு மெட்டாரைசியம் (பூச்சியைக் கொல்லும் பூஞ்சை) அடித்தவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

கோபி தோட்டக்காரன்:
தென்னை எருக்குழியில் காண்டாமிருக வண்டுப் புழுவுக்குப் போட்டது போக மெட்டாரைசியம் பவுடர் அரைக்கிலோ மிச்சம் இருந்தது. எங்கள் ஜெர்சி கிராஸுக்கு மடி, வால் அடி, காது மடல் எங்கும் உண்ணி. வண்டுப் புழுவைக் கொல்வது உண்ணியைக் கொல்லாதா என்று கரைத்து வடிகட்டி, சாயங்காலமாக மாட்டுக்கும் தொழுவச் சுவருக்கும் அடித்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் ஒன்றுகூட விழவில்லை, கொட்டமுத்து அளவுக்கு ஊதிக்கொண்டு நிற்கின்றன. மாடும் தீனி எடுக்கவில்லை, பொறுக்க முடியாமல் டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டாயிற்று. நான் சொல்ல வந்தது அதுவல்ல. பத்து நாள் கழித்துத் தண்ணித் தொட்டியை நகர்த்தினேன், அடியில் ஒரே ஈரம், அங்கே ஒரு உண்ணி காலை மடக்கிக் கிடந்தது. உடம்பு முழுக்கப் பச்சை. தொட்டால் விரலில் மாவு மாதிரி ஒட்டியது. இதைக் கொன்றது பூஞ்சையா, ஊசியா? தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஆய்வகத்து அக்கா:
மூன்று நாளில் எதிர்பார்த்ததுதான் தப்பு தம்பி. பூஞ்சையின் வித்து உண்ணியின் தோலில் ஒட்டி, முளைத்து, நொதி சுரந்து தோலைத் துளைத்து உள்ளே போய் வளர வேண்டும், ஒரு வாரம் பத்து நாள்கூட ஆகும். படிக்கும்போது என் ப்ராஜெக்டே இதுதான். ஊதின பெண் உண்ணிகளை வித்துக் கரைசலில் முக்கித் தட்டில் வைத்தேன். சாகும் முன் முட்டையிட்டு விட்டன, அழுகையே வந்துவிட்டது. நல்ல உண்ணி 2000, 3000 முட்டை பளபளவென்று கொத்தாக இடும். என் தட்டில் இருந்தது கொஞ்சம்தான், அதுவும் நாலு நாளில் வாடிய கடுகு மாதிரி சுருங்கிவிட்டது. அந்தத் தட்டை இப்போதும் மறக்க முடியவில்லை. அதே கரைசலை மாட்டின் மேல் அடித்தபோது பாதிகூடப் பலனில்லை. பூஞ்சைக்கு 25 முதல் 30 டிகிரியும் ஈரமும் வேண்டும், வெயிலில் நிற்கும் மாட்டுத் தோல் அதைவிடச் சூடு, போதாததற்கு வெயிலே வித்தைக் கொன்றுவிடும். தொழுவத்துச் சுவர் வெடிப்பும் தொட்டி அடியும்தான் அதற்கு ஏற்ற இடம்.

கிருஷ்ணகிரி பட்டுக்காரர்:
எல்லாரும் பேசுகிறீர்கள், பக்கத்தில் பட்டுப்புழு மனை இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? பக்கத்துத் தோட்டத்தார் உண்ணிக்கென்று பிவேரியா என்ற இன்னொரு பூஞ்சையை வாங்கி, மழைக்காலத்தில் விசைத்தெளிப்பானில் அடித்தார். அந்த வாரமே எங்கள் நான்காம் பருவப் புழு தழை எடுக்காமல் நின்றது. காலையில் தட்டைத் தூக்கினால் புழு வெள்ளைவெளேரென்று, கையில் எடுத்தால் சுண்ணாம்புக் கட்டி, ஒடித்தால் டக்கென்று ஒடிகிறது. 1835இல் இத்தாலியில் பாஸ்ஸி என்பவர் பட்டுப்புழுவில் கண்டுபிடித்த கிருமியே இதுதான், அவர் பேரைத்தான் அதற்குப் பிவேரியா பாஸ்ஸியானா என்று வைத்திருக்கிறார்கள். மெட்டாரைசியமும் பட்டுப்புழுவை விடாது, அது பச்சை, இது வெள்ளை, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் அடித்ததால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது, மழைக்காலத்தில் தானாகவும் வரும். ஆனாலும் அவரோடு இன்றுவரை பேச்சு இல்லை.

பழைய மாட்டுக்காரன்:
நான் ஒரு தடவை அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை, விட்டுவிட்டேன். இதற்கெல்லாம் பவுடர் எதற்கு? பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள் 20 கிராம், துளசி ஒரு கைப்பிடி, உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, எல்லாம் அரைத்துத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி மாட்டுக்கு அடியுங்கள், சுவர் சந்திலும் அடியுங்கள், வாரம் ஒரு தடவை, வெயில் நேரத்தில்தான். செடிக்குப் பேரே உண்ணிச்செடி, அப்புறம் என்ன? கோபித் தம்பி, கறவை மாட்டுக்கு ஊசி போட்டீர்களே, பாலை எத்தனை நாள் ஊற்றக்கூடாது என்று டாக்டரிடம் கேட்டீர்களா? உண்ணி மருந்து ஊசி பாலில் இறங்கும், கேட்காமல் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். கலப்பின மாடு வாங்கும்போதே இதெல்லாம் யோசித்திருக்க வேண்டும், நாட்டு மாட்டுக்கு இவ்வளவு உண்ணி பிடிக்காது.

தாராபுரம்:
பெரியவரே, ஒரு தடவை அடித்து ஆகவில்லை என்றால் எந்த டேங்க்கில் அடித்தீர்கள்? கார்பன்டசிம் அடித்த டேங்க்கைக் கழுவாமல் இதை ஊற்றி இரண்டு வருஷம் பூஞ்சையைத் திட்டிக்கொண்டு திரிந்தவன் நான். பூஞ்சைக்கொல்லியில் பூஞ்சையை ஊற்றினால் அது பிழைக்குமா? பாக்கெட் தேதியையும் பாருங்கள், வெயிலில் வைத்து விற்றதை வாங்கினால் அது வெறும் மாவு.

ஆய்வகத்து அக்கா:
கோபித் தம்பி, பச்சையாக இருந்தாலே மெட்டாரைசியம் என்று சொல்லிவிட முடியாது. ஊசியால் செத்து ஈரத்தில் கிடந்தாலும் சாதாரண பூசணம் பச்சையாகப் பிடிக்கும். மைக்ரோஸ்கோப்பில் வித்தைப் பார்த்தால் தெரியும், தீப்பெட்டியை அப்படியே அனுப்புங்கள்.

கோபி தோட்டக்காரன்:
பாலை டாக்டர் சொன்ன கணக்குப்படி கீழேதான் ஊற்றினோம் ஐயா. அக்கா, அனுப்பலாமென்று தேடினேன். தீப்பெட்டி காலி என்று நினைத்து அம்மா அடுப்பில் போட்டுவிட்டார். சரி, சுவருக்காவது இன்னொரு தடவை அடித்துப் பார்க்கலாமென்று தொழுவத்துக்குப் போனால், உண்ணிக்கு நல்லது என்று மாமா நேற்றுத்தான் முழுக்கச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போயிருக்கிறார்.