சனியா ஞாயிறா? கான்ஸ்டன்டைன் தான் ஓய்வுநாளை மாத்தினாரா?

பெரேயா_வாசகன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்க சபை வரலாறு படிச்சவங்க சில பேர் இருக்கீங்கன்னு தெரியும், அதான் கேக்குறேன். எங்க பைபிள் ஸ்டடி குரூப்ல ஒரு பிரதர் இப்ப சனிக்கிழமை ஆசரிக்க ஆரம்பிச்சிருக்காரு. அதுல எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல, ஆனா டெய்லி வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு வருது, ஆதித்திருச்சபை முழுக்க சனிக்கிழமை தான் கூடிச்சாம், கி.பி. 321ல ரோம ராஜா கான்ஸ்டன்டைன் சட்டம் போட்டு ஞாயிறுக்கு மாத்திட்டாராம், அவரு சூரியனைக் கும்பிட்ட ஆளாம், அதனால ஞாயிறு ஆராதனைக்குப் போறவங்க எல்லாம் பாபிலோனாம், அதாவது வழி தப்பின பொய்ச் சபையாம். மூப்பர் ஒருத்தர்கிட்ட கேட்டேன், அவரு அப்போஸ்தலர் 20:7, வாரத்தின் முதல் நாள்ல அப்பம் பிட்கக் கூடினாங்கன்னு வர ஒரே வசனத்தைக் காமிச்சு "இதுக்கு மேல என்ன வேணும்"னு முடிச்சிட்டாரு. எனக்கு ரெண்டு பதிலுமே பத்தல.

கான்ஸ்டன்டைனுக்கு முன்னாடி விசுவாசிகள் ஞாயித்துக்கிழமை கூடினதுக்கு ஆதாரம் இருக்கா இல்லையா? அப்புறம் பத்துக்கட்டளைல ஒம்பது அப்படியே நிக்கும்போது நாலாவதான ஓய்வுநாள் கட்டளைல மட்டும் நாளை மாத்துற அதிகாரம் யாருக்கு யார் குடுத்தா? தயவுசெஞ்சு சண்டை போடாம சொல்லுங்க.

கிருபை_போதும்:
பிரதர் இதுக்கெல்லாம் ஏன் மண்டைய உடைச்சுக்கிறீங்க. கொலோசெயர் 2:16 எடுத்து வாசிங்க, பண்டிகைநாள் மாதப்பிறப்பு ஓய்வுநாள் பத்தி ஒருத்தனும் உங்களைக் குற்றப்படுத்தக்கூடாதுன்னு பவுல் பச்சையா எழுதியிருக்காரு, அதெல்லாம் நிழல். ரோமர் 14:5ம் பாருங்க, ஒருத்தன் ஒரு நாளை விசேஷமா எண்ணுறான், இன்னொருத்தன் எல்லா நாளையும் ஒண்ணா எண்ணுறான், அவனவன் மனசுல நிச்சயமா இருந்தா போதும்னு இருக்கு. நாம நியாயப்பிரமாணத்துக்குக் கீழ இல்ல. மேட்டர் ஓவர்.

பழைய_சுவடி:
மேட்டர் ஓவர்னா 2000 வருஷமா இது ஓடிட்டிருக்காது :) நான் வசனத்துக்கு அப்புறம் வரேன், முதல்ல அந்த ஃபார்வர்டு.

321 மார்ச் மாசம் கான்ஸ்டன்டைன் போட்ட சட்டம் சின்னது தான், வாசிச்சா ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. சூரியனோட மதிப்புக்குரிய நாள்ல நியாயாதிபதிகளும் பட்டணத்து ஜனங்களும் ஓய்ஞ்சிருக்கணும், பட்டறையெல்லாம் மூடணும், ஆனா விவசாயிங்க வேலை செய்யலாம் ஏன்னா விதைக்கிறதுக்கும் திராட்சை நடுறதுக்கும் ஏத்த பருவம் தப்பிடக்கூடாது. இவ்வளவு தான். ஆராதனைன்னு ஒரு வார்த்தை இல்ல, கிறிஸ்துன்னு ஒரு வார்த்தை இல்ல, சனிக்கிழமை பத்தி மூச்சே இல்ல. அது லீவு சட்டம். சபை எந்த நாள் கூடணும்னு அதுல யாரும் சொல்லவும் இல்ல, கேக்கவும் இல்ல.

அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னா, இரத்தசாட்சியா மரிச்ச ஜஸ்டின், ரோமாபுரில இருந்து கி.பி. 150ஐ ஒட்டி ராயனுக்கு எழுதின விண்ணப்பத்துல தங்களோட கூடுகை எப்படி நடக்கும்னு விவரமா சொல்றாரு. சூரியனோட நாள்ல பட்டணத்துல இருக்கிறவங்களும் கிராமத்துல இருக்கிறவங்களும் ஒரே இடத்துல கூடுவாங்க, அப்போஸ்தலர்களோட நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளோ நேரம் இருக்கிற வரைக்கும் வாசிப்பாங்க, தலைமை தாங்குறவர் புத்தி சொல்லுவாரு, எழுந்து நின்னு ஜெபம், அப்பம், தண்ணி கலந்த திராட்சரசம், வர முடியாதவங்களுக்கு உதவிக்காரங்க வீட்டுக்கே கொண்டு போய்க் குடுப்பாங்க, காணிக்கை விதவைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் நோயாளிக்கும் சிறையில இருக்கிறவனுக்கும் போகும். ஏன் அந்த நாள்னா, தேவன் உலகத்தைப் படைக்க ஆரம்பிச்ச முதல் நாள், இயேசு உயிர்த்தெழுந்த நாள்னு ரெண்டு காரணம் சொல்றாரு. கான்ஸ்டன்டைன் சட்டத்துக்கு 170 வருஷம் முன்னாடி. பர்னபா பேர்ல இருக்கிற பழைய நிருபமும் "எட்டாம் நாளை" (ஏழாம் நாளுக்கு அடுத்த நாள், அதாவது ஞாயிறு) சந்தோஷமா கொண்டாடுறோம்னு சொல்லுது. சூரியனைக் கும்பிடுறீங்கங்கிற குற்றச்சாட்டு கூட புதுசு இல்ல, 197 வாக்குல தெர்த்துல்லியன்கிற கிறிஸ்தவ எழுத்தாளர் அதுக்கு பதில் எழுதிட்டாரு, நாங்க அந்த நாள்ல சந்தோஷப்படுற காரணமே வேறன்னு.

ஆனா உங்க மூப்பர் பக்கமும் அவ்வளவு ஈஸி கிடையாது. ஜஸ்டின் எழுதினதுல அன்னைக்கு வேலை செய்யாம ஓய்ஞ்சிருந்தாங்கன்னு எங்கயும் இல்ல. நாலாம் கட்டளைய ஞாயித்துக்கிழமைக்கு அவரு பொருத்தவும் இல்ல. அந்தக் காலத்து விசுவாசிகள்ல எத்தனையோ பேர் அடிமைங்க, ஞாயிறு அவங்களுக்கு சாதா வேலை நாள். 112 வாக்குல பிளினிங்கிற ரோம அதிகாரி, இவங்க ஒரு குறிப்பிட்ட நாள்ல விடியறதுக்கு முன்னாடி கூடுறாங்கன்னு திராயான் ராயனுக்கு எழுதறாரு (எந்த நாள்னு பேர் சொல்லல, அதை ஞாயிறுக்கு ஆதாரமா காட்டுறவங்க கொஞ்சம் அடக்கி வாசிக்கணும்). வேலைக்குப் போகணும், அதனால தான் விடியறதுக்கு முன்னாடின்னு நான் நினைக்கிறேன். சபை கூடுற நாள், வேலையை நிறுத்துற நாள், இது ரெண்டும் வேற வேற கேள்வி, உங்க குரூப்ல ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிட்டு இருக்காங்க.

ஏழாம்நாள்_சாட்சி:
நான் சனிக்கிழமை ஆசரிக்கிறவன், அதனால பாரபட்சம் இருக்கும், முன்னாடியே சொல்லிடறேன். அந்த ஃபார்வர்டைப் பாத்தா எங்களுக்கே சங்கடமா தான் இருக்கு. எங்க ஆளுங்கள்ல ஆராய்ச்சி பண்ணவங்க மாற்றத்தை கான்ஸ்டன்டைன் தலையில கட்டுறது இல்ல. சாமுவேலே பக்கியோக்கின்னு அட்வென்டிஸ்ட் (சனிக்கிழமை ஆசரிக்கிற எங்க சபை) அறிஞர், ரோம்ல கத்தோலிக்க கிரெகோரியன் யுனிவர்சிட்டிலயே டாக்டரேட் பண்ணவரு, அவரு சொன்னது ரெண்டாம் நூற்றாண்டு, ரோம் சபை, ஹத்ரியான் ராயன் காலம். 132ல இருந்து 135 வரைக்கும் ரோமருக்கு எதிரா யூதங்க பண்ணின பர் கோக்பா கலகம் நடந்து முடிஞ்சப்புறம் யூதங்க மாதிரி தெரியறதே ஆபத்தா போச்சு, அப்ப ரோம்ல இருந்த புறஜாதி (யூதரல்லாதவங்க) சபை சனிக்கிழமைல இருந்து விலகிச்சுங்கிறது அவரோட வாதம். சரியோ தப்போ, அது ஒரு வாதம், வாட்ஸ்அப் கதை இல்ல.

இனி வசனம். அப்போஸ்தலர் 20:7ஐ இங்க எல்லாரும் தூக்கிக் காட்டுறீங்க, ஆனா அடுத்த வசனத்தையும் சேத்து வாசிங்க. மேல்வீட்டுல நெறைய விளக்கு எரியுது, ராத்திரி, பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசுறாரு, ஐத்திகுங்கிற வாலிபன் தூங்கி மூணாம் மாடில இருந்து விழுறான். யூத கணக்குப்படி நாள் சாயங்காலம் தொடங்கும். அப்ப வாரத்தின் முதல் நாள் ராத்திரின்னா அது நம்ம சனிக்கிழமை ராத்திரி. விடிஞ்சதும் பவுல் என்ன பண்றாரு? 13ம் வசனம், மத்தவங்களை கப்பல்ல அனுப்பிட்டு துரோவால இருந்து ஆசோவுக்கு கால்நடையா போறாரு, 30 கிலோமீட்டருக்குக் குறையாது. ஞாயிறு பரிசுத்த நாள்னா ஞாயித்துக்கிழமை காலைல அவ்வளவு தூரம் நடைபயணமா? அதே பவுல் கொரிந்துல ஓய்வுநாள்தோறும் ஜெபஆலயத்துல பேசினாருன்னு 18:4ல இருக்கு. 13ம் அதிகாரத்துல புறஜாதியாரே "அடுத்த ஓய்வுநாள்ல மறுபடி சொல்லுங்க"ன்னு கேக்குறாங்க. நாளைக்கே வாங்க, ஞாயித்துக்கிழமை எங்க கூடுகைன்னு பவுல் சொல்லல.

இன்னொண்ணு, விருத்தசேதனத்துக்கே எருசலேம்ல ஆலோசனைச் சங்கம் கூடுற அளவுக்கு சண்டை. ஓய்வுநாளை மாத்தியிருந்தா எவ்வளவு பெரிய சண்டை நடந்திருக்கணும்? ஒரு வரி கூட இல்ல. ஏன்னா யாரும் மாத்தல. நாலாம் நூற்றாண்டுல லவோதிக்கேயா சங்கம் 29ம் விதில சனிக்கிழமை ஓய்ஞ்சிருந்து யூதரைப் போல நடக்கக்கூடாதுன்னு தடை போடுது. யாரும் செய்யாத ஒண்ணை எதுக்குத் தடை பண்ணணும்?

கொலோசெயர் 2:16க்கு எங்க பதில், அது லேவியராகமம் 23ல வர பண்டிகை ஓய்வுநாள்கள், சிருஷ்டிப்புலயே வெச்ச ஏழாம் நாள் இல்ல.

பழைய_சுவடி:
நல்ல பதிவு, இந்த மாதிரி பேசினா பேசலாம். ஐத்திகு விஷயத்துல நீங்க சொல்ற வாசிப்புக்கு இடம் இருக்கு, ஞாயிறு தரப்பு அறிஞர்கள்லயே சிலர் அதை ஒத்துக்கிறாங்க. ஆனா அப்பம் பிட்கிறதுக்காகக் கூடினாங்கன்னு அந்த நாளோட சேத்துத் தானே லூக்கா எழுதறாரு, அதை ஒதுக்க முடியாது.

கொலோசெயர் விளக்கம் எனக்கு ஒட்டல. பண்டிகை, மாதப்பிறப்பு, ஓய்வுநாள்னு வருஷம் மாசம் வாரமா அடுக்குறது பழைய ஏற்பாட்டுல வழக்கமா வர அடுக்கு, எசேக்கியேல் 45:17, ஓசியா 2:11 பாருங்க. அதுல மூணாவது வாராந்தர ஓய்வுநாள் தான். பண்டிகைய முதல்லயே சொல்லிட்டாரே.

மௌனத்தை வெச்சு வாதம் பண்ணா அது ரெண்டு பக்கமும் வெட்டும். எருசலேம் சங்கம் புறஜாதியாருக்கு எழுதின நாலு விஷயத்துல ஓய்வுநாள் இல்ல. பவுல் எத்தனை பாவப் பட்டியல் போட்டிருக்காரு, ஒண்ணுல கூட ஓய்வுநாளை மீறுறது வராது. கொரிந்துல அவிசுவாசி எஜமான்கிட்ட வேலை பாக்குற அடிமை சனிக்கிழமை எப்படி ஓய்வான்? விக்கிரகத்துக்குப் படைச்ச மாம்சத்துக்கு அத்தனை அதிகாரம் எழுதின மனுஷன் இதுக்கு ஒரு வரி எழுதலேன்னா அது அவங்க மேல வெச்ச கட்டளையா இல்லேன்னு தான் எனக்குத் தோணுது.

லவோதிக்கேயா பாயிண்ட் முழுக்க சரி. அதோட அதே சங்கத்தோட 16ம் விதியையும் சொல்லுங்க, சனிக்கிழமைல சுவிசேஷமும் வாசிக்கணும்னு இருக்கு, அப்படின்னா அன்னைக்கும் கூடுகை நடந்திருக்கு. அஞ்சாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோக்ரதேஸ் உலகத்துல கிட்டத்தட்ட எல்லா சபையும் வாராவாரம் சனிக்கிழமை திருவிருந்து நடத்துது, அலெக்சாந்திரியாவும் ரோமும் மட்டும் ஏதோ பழைய வழக்கத்தைச் சொல்லி நிறுத்திட்டாங்கன்னு எழுதறாரு. ஞாயிறும் உண்டு, சனியும் உண்டு. எபியோனியர்ங்கிற யூதக் கிறிஸ்தவக் கூட்டத்துல ஒரு பிரிவு ரெண்டு நாளையும் வெச்சிருந்ததா சபை வரலாற்றாசிரியர் யூசேபியுவும் சொல்றாரு. இந்த "ரெண்டும்" காலத்தை உங்க தரப்பும் எங்க தரப்பும் சேந்து மறைச்சிடறோம், ஏன்னா யாருக்குமே அது வசதியா இல்ல.

அந்தோணி_வியன்:
கத்தோலிக்கன் ஒருத்தன் நடுவுல வரலாமா? பழைய புத்தகங்கள்ல இருந்து "ஆமா, நாங்க தான் மாத்தினோம்"னு எங்க சாமியார்கள் சொன்ன வரிகளை அட்வென்டிஸ்ட் நண்பர்கள் அடிக்கடி எடுத்துப் போடுவாங்க. அது புரொட்டஸ்டன்ட் மக்களை "விவிலியம் மட்டும் போதும்னா ஞாயிறுக்கு எங்க கட்டளை?"ன்னு மடக்கறதுக்காக சொன்ன வாதம். எங்க மறைக்கல்வி ஏடு ஞாயிறையும் ஓய்வுநாளையும் தெளிவா பிரிச்சுத் தான் சொல்லுது, ஒண்ணை நகர்த்தி இன்னொண்ணு ஆக்கினதா சொல்லல. ஆண்டவர் உயிர்த்த நாள், அதனால திருப்பலி.

நாலாம் கட்டளை (எங்க எண்ணிக்கைல அது மூணாவது, அது தனி சண்டை) கேள்விக்கு வரேன். ஞாயிறு தான் கிறிஸ்தவ ஓய்வுநாள், கட்டளை அப்படியே அந்த நாளுக்கு மாறிடுச்சுன்னு கறாரா புடிச்சவங்க இங்கிலாந்துல பியூரிட்டன் ஆளுங்க, அதாவது கண்டிப்பான புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரங்க. 1618ல ஜேம்ஸ் ராஜா, ஞாயிறு வழிபாடு முடிஞ்சப்புறம் ஜனங்க விளையாடலாம்னு அறிக்கை விட்டதுக்கே கொதிச்சுப் போனாங்க. 1640கள்ல வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கைல அதை எழுதியே வெச்சாங்க. அப்ப அவங்க நடுவுல இருந்தே சிலர் உங்க கேள்வியைக் கேட்டாங்க: கட்டளை அப்படியே நிக்குதுன்னா நாள் மட்டும் ஏன் மாறணும்? அவங்க தான் ஏழாம் நாள் பாப்திஸ்துகள். 1650கள்ல லண்டன், 1671ல அமெரிக்கால நியூபோர்ட். 1840கள்ல ரேச்சல் ஓக்ஸ்னு அந்த சபைப் பெண்மணி நியூ ஹாம்ப்ஷயர்ல அட்வென்ட் (கிறிஸ்து சீக்கிரம் வருவார்ங்கிற) நம்பிக்கைக்காரங்ககிட்ட இதைப் பேச, அதுல இருந்து வளந்து 1863ல அட்வென்டிஸ்ட் சபை அமைப்பானது. லாஜிக்கா பாத்தா பியூரிட்டன்கள் போட்ட கணக்குக்கு சனிக்கிழமைக்காரங்க சொன்ன விடை தான் சரி. கணக்கே அப்படிப் போடணுமாங்கிறது வேற.

ஏழாம்நாள்_சாட்சி:
கடைசி வரிக்கு முந்தின வரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிறேன் பிரதர் :)

கிருபை_போதும்:
இவ்வளவு படிச்சும் ரட்சிப்புக்கு எந்த நாளும் தேவையில்லன்னு ஒருத்தரும் சொல்லலியே.

பெரேயா_வாசகன்:
எல்லாருக்கும் நன்றி, எதிர்பாக்கவே இல்ல. ஜஸ்டின் எழுதினதை தேடி எடுத்துட்டேன், முதல் விண்ணப்பத்துல 67ம் பகுதி, ஒரு பக்கம் கூட இல்ல, இன்னைக்கு குரூப்ல போடப்போறேன். அந்த பிரதர் அட்வென்டிஸ்ட் ஆகட்டும், அது அவரோட மனசாட்சி, பாபிலோன்னு கூப்பிடுறதை மட்டும் நிறுத்தினா போதும். சுவடி அண்ணே, ரெண்டு நாளும் ஆசரிச்ச சபைன்னு சொன்னீங்களே, அப்படி இன்னைக்கும் யாராவது இருக்காங்களா, இல்ல பழைய கதை மட்டும் தானா?

பழைய_சுவடி:
இருக்காங்க, எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை. அங்கயும் சும்மா வரல. 14ம் நூற்றாண்டுல எவோஸ்தாத்தேவோஸ்னு ஒரு துறவி சனியையும் ஆசரிக்கணும்னு பிடிவாதமா நின்னு, எதிர்ப்பு தாங்காம நாட்டை விட்டே போயி ஆர்மீனியால செத்தாரு, அவரோட சீஷர்களை பல வருஷம் ஒதுக்கி வெச்சாங்க. 1450ல சரா யாக்கோப் ராஜா காலத்துல தெப்ரே மித்மாக்ல சங்கம் கூடி ரெண்டு நாளும் பரிசுத்தம்னு முடிவாச்சு. அப்புறம் கத்தோலிக்க இயேசு சபை பாதிரிமார் வந்து நீங்க யூத வழக்கம் பண்றீங்கன்னு குத்தம் சொன்னப்போ, 1555ல கெலாவ்தேவோஸ் ராஜா தன் விசுவாச அறிக்கைலயே பதில் எழுதினாரு. யூதங்க அன்னைக்கு தண்ணி மொள்ள மாட்டாங்க, தீ மூட்ட மாட்டாங்க, அப்பம் சுட மாட்டாங்க, வீடு விட்டு வீடு போக மாட்டாங்க, நாங்க அப்படி ஆசரிக்கல, அன்னைக்கு திருவிருந்து நடத்தி ஆசரிக்கிறோம்னு. உங்க குரூப்ல ஜஸ்டினைப் போடும்போது இதையும் சேத்துப் போடுங்க, ரெண்டு தரப்புக்கும் கொஞ்ச நாள் வேலை இருக்கும்.