சப்வூஃபருக்கு ஒற்றைக் கேபிளா, ஸ்பீக்கர் ஒயரா?

தேக்குத்தூண் (கானாடுகாத்தான்):
பழைய வீட்டின் இரண்டாம் கட்டு அறையில் 5.1 ரிசீவரும் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) 10 அங்குல பவர்டு சப்வூஃபரும் (தாழ்ந்த ஒலிக்கென்றே, தன் ஆம்ப்ளிஃபயரோடு வரும் ஸ்பீக்கர்) வைத்திருக்கிறேன். மாட்டிக் கொடுத்தவர், முன் ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஒயரையே சப்வூஃபர் வழியாகச் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறார். பாட்டு நன்றாக இருக்கிறது. படத்தில் குண்டு வெடித்தால் மட்டும் ஓலைப் பட்டாசு போல் கேட்கிறது. ரிசீவர் மெனுவில் சப்வூஃபர் 'உண்டு' என்றுதான் இருக்கிறது. எங்கே தவறு?

கண்டனூர்க்காரன்:
உங்கள் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. 'உண்டு' என்று சொல்லிவிட்டால், வெடிச் சத்தத்துக்கென்றே படத்தில் தனியாக வரும் எல்எஃப்இ தடத்தை ரிசீவர் தன் முதுகிலுள்ள 'சப் அவுட்' துளைக்கு அனுப்பிவிடும். அங்கே நீங்கள் ஒன்றும் மாட்டவில்லை. பூட்டிய வீட்டுக்குப் பத்திரிகை வைத்த கதைதான்.

ஒரே ஒரு ஆர்சிஏ கேபிளை (ஆடியோ சாதனங்களை இணைக்கும் வழக்கமான ஒற்றைப் பின் கேபிள்) அந்தத் துளையிலிருந்து சப்வூஃபரின் எல்எஃப்இ துளைக்குக் கொடுங்கள். அப்படி ஒரு துளை இல்லையென்றால் 'இடது' துளையில் மாட்டி, சப்வூஃபரின் கிராஸ்ஓவர் திருகை (எந்த அளவுக்கு மேலுள்ள ஒலியை வடிகட்டுவது என்று வைக்கும் திருகு) உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ரிசீவர் வடிகட்டியதை அது மறுபடியும் வடிகட்டும். மெனுவில் ஸ்பீக்கர்கள் 'ஸ்மால்', கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள்; அதற்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலி ஸ்பீக்கர்களுக்குப் போகாமல் சப்வூஃபருக்குப் போகும்.

வீணைப்பிரியர் (தேவகோட்டை):
அதற்குள் ஒயரைப் பிடுங்கச் சொல்வானேன்? சப்வூஃபர் 'இல்லை', முன் ஸ்பீக்கர் 'லார்ஜ்' (தாழ்ந்த ஒலியும் அதற்கே போகும்) என்று மெனுவை மாற்றினால் வெடிச் சத்தமும் முன் தடங்களில் கலந்து அதே ஒயரில் வந்துவிடும். பல வருடங்களாக நான் கச்சேரி கேட்பது அப்படித்தான். மிருதங்கத்தின் தொப்பி தனியாகத் துருத்தாமல் வலந்தலையோடு ஒட்டி நிற்கும். ஒற்றைக் கேபிளில் இடமும் வலமும் கூழாகிவிடும்.

கண்டனூர்க்காரன்:
மெனு யோசனை சரிதான் அண்ணே. கூழ் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 80 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளமே ஏறக்குறைய 4.3 மீட்டர்; அவ்வளவு தாழ்ந்த ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் பிரித்தறிய முடியாது. 'லார்ஜ்' என்று வைத்தால் அந்த வெடி முழுவதையும் முன் ஸ்பீக்கர்களும் சுமக்க வேண்டும். அவருடைய ஸ்பீக்கர் எத்தனை அங்குலம் என்று கேட்டீர்களா?

தேக்குத்தூண்:
4 அங்குலம்தான். கேபிளுக்கே மாறிவிட்டேன். வெடி இப்போது நெஞ்சில் வந்து இறங்குகிறது. ஆனால் படம் ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல்.

வீணைப்பிரியர்:
சொன்னேன் அல்லவா! ஒயரில் இந்த வம்பு அரிது. சப்வூஃபர் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடுங்கள், அடங்கிவிடும்.

ஆத்தங்குடி ஆச்சி:
அதை மட்டும் செய்துவிடாதீர்கள் தம்பி. எர்த் இல்லாத பெட்டிக்குள் மின்கசிவு ஏற்பட்டால், பின்பக்க உலோகத் தகட்டைத் தொடுகிறவர் உடம்பில்தான் பாயும். இது எர்த் லூப்; சாதனங்களின் எர்த் இணைப்புகள் கேபிள்கள் வழியாக ஒரு வளையமாகி, அதில் மின்சாரத்தின் இரைச்சல் ஓடுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முனகுவது அதுவும் அதன் மடங்குகளும்தான். ரிசீவரையும் சப்வூஃபரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள்.

வீணைப்பிரியர்:
எர்த் விஷயத்தில் ஆச்சி சொல்வதே சரி, என் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன். ஸ்பீக்கர் ஒயர் விஷயத்தில் இல்லை.

தேக்குத்தூண்:
கேபிள் டிவி ஒயரேதான்! கழற்றியதும் அமைதி. அடுத்த சங்கடம்: பெட்டியை மூலையில் வைத்திருக்கிறேன். சண்டைக் காட்சி வந்தால் பக்கத்துச் சாமான் அறையில் அடுக்கியிருக்கும் எனாமல் தூக்குகள் கிணுகிணுக்கின்றன. ஆயா எலி என்று நினைத்துக் கம்போடு தேடுகிறார்.

கண்டனூர்க்காரன்:
மூலை தாழ்ந்த ஒலியை ஊதிப் பெருக்கும். ஆத்தங்குடிக் கல்லும் சுண்ணாம்புச் சுவரும் எதையும் உறிஞ்சுவதில்லை. நீங்கள் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்து ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். எங்கே முழக்கம் சீராக இருக்கிறதோ அங்கே பெட்டியைக் கொண்டுபோய் வையுங்கள்.

வீணைப்பிரியர்:
தவழும்போது கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், ஆயா கம்போடு இருக்கிறார். எல்லாம் முடிந்ததும் ஒரு தனி ஆவர்த்தனத்தைப் போட்டு, பழைய ஒயரிலும் ஒரு முறை கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.