சுவிஸ் தண்டக் கடிதத்தைக் கிழித்துப் போடலாமா?

பாசல்வாசி:
"சுவிசில் வேகமாக ஓடிப் பிடிபட்டால் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள், ஜேர்மனியில் ஒருவராலும் அறவிட முடியாது" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். வாசித்ததும் கோபம்தான் வந்தது. அது பழைய கதை. 2024 மே 1 முதல் இரண்டு நாட்டுக்கும் பொலிஸ் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. சுவிஸ் தண்டம் 80 பிராங்கோ அதற்கு மேலோ என்றால் ஜேர்மனியிலேயே அறவிடலாம். ஜேர்மனியில் 70 யூரோவிலிருந்து கட்டாமல் விட்ட சுவிஸ்காரருக்கும் அதே நிலைதான்.

ரூர்க்காரன்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். 120 ஓடும் இடத்தில், அளவுப் பிழைக்கான கழிவு போக 128 ஓடினேன். 60 பிராங். 80 வரவில்லை. கதை முடிந்தது.

பாசல்வாசி:
முடியவில்லை. 30 நாளுக்குள் கட்டாவிட்டால் அது சாதாரண வழக்காகப் போகும், செலவும் தலையில் விழும். 60 அறுபதாகவே நிற்காது.

ரூர்க்காரன்:
தண்டம் வேறு, செலவு வேறு. தண்டம் 60.

சூரிச் அக்கா:
எனக்கு வேறு பிரச்சினை. கார் என் பெயரில், கலியாணத்துக்குப் போகும்போது ஓடியது மைத்துனர். கடிதம் எனக்கு வந்தது. கேட்டால் "நான் இல்லை" என்கிறார்.

பாசல்வாசி:
அக்கா, ஓடியவர் யாரென்று தெரியாவிட்டால் இங்கே கார்ச் சொந்தக்காரர்தான் கட்ட வேண்டும். மைத்துனரின் பெயரை எழுதிக் கொடுங்கள்.

ரூர்க்காரன்:
சொந்தத்தைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறீர்களா? ஜேர்மனியில் வேகத்துக்கு ஓடியவனைத்தான் தண்டிப்பார்கள். அதுதான் நியாயம். எங்கள் ஓட்டோபான் நெடுஞ்சாலையில் வந்து 200 ஓடுவது யார்? சுவிஸ் இலக்கத்தகடுக் கார்கள்தான்.

பாசல்வாசி:
வேக வரம்பு இல்லாத இடத்தில் ஓடுகிறார்கள். நீங்கள் வரம்பு உள்ள இடத்தில் ஓடினீர்கள். போன வருடம் விக்னெட்டுக்கும், அதுதான் சுவிஸ் நெடுஞ்சாலை வில்லைக்கும், இதே பிடிவாதம் பிடித்தீர்கள். 40 பிராங் மிச்சம் பிடிக்கப் போய் 200 பிராங் தண்டம் கட்டி, விக்னெட்டையும் வாங்கினீர்கள். அன்றைக்கும் நான் முதலே சொன்னேன்.

ரூர்க்காரன்:
விக்னெட்டை ஏன் இழுக்கிறீர்கள்? ஒரு வருடமாக அதை மனதில் வைத்திருக்கிறீர்களா? கேள்வி 80 பிராங். எனக்கு 60.

சூரிச் அக்கா:
மைத்துனரின் பெயரை எழுதினால் என் தங்கச்சி என்னோடு கதைக்கமாட்டாள். அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

பாசல்வாசி:
அக்கா, தங்கச்சியிடம் நேரே சொல்லுங்கள். ரூர்க்காரன், 80 என்பது ஜேர்மனியில் அறவிடுவதற்கான எல்லை. 60 பிராங் தண்டம் சுவிசுக்குள் செல்லாமல் போகாது. கட்டாத தண்டம் சிறை நாளாக மாறலாம். அடுத்த கோயில் திருவிழாவுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவீர்கள். வைல் அம் ரைன் எல்லையில் மறித்து, பிள்ளைகளுக்கு முன்னால் காசு கேட்டால் என்ன சொல்வீர்கள்? இருபது வருடமாக இங்கே வண்டி ஓடுகிறேன், சும்மா சொல்லவில்லை.

ரூர்க்காரன்:
நான் முப்பது வருடம். பிள்ளைகளை இதற்குள் இழுக்காதீர்கள்.

பாசல்வாசி:
சரி, கடிதத்தில் என்ன திகதி? 30 நாள் போய்விட்டதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

ரூர்க்காரன்:
60 பிராங். திகதியை உங்களுக்கு ஏன் சொல்ல வேண்டும்?