மறு: ‘இரண்டாம் நிலை மாசு’க்கு வேறு சொல் (ஓசோன் கட்டுரைக்காக)

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வந்த மடல்களுக்குத் தனித்தனியே எழுதாமல் சேர்த்தே பதில் எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு வரி: வளிமண்டல அறிவியலாளர் ஒருவர் தரைமட்ட ஓசோனைப் பற்றிச் செய்த ஆய்வை, மதுரைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கான ஒரு கையேட்டில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் மாசுகளை இரண்டாகப் பிரிக்கிறார். புகைபோக்கியிலிருந்தோ வண்டியின் சைலன்சரிலிருந்தோ நேரே வெளியே வருவது ஒன்று. யாரும் வெளியிடாமல் காற்றிலேயே உண்டாவது இன்னொன்று. வழக்கில் முதன்மை மாசு, இரண்டாம் நிலை மாசு என்கிறோம். இவற்றுக்கு வேறு சொல் வேண்டும் என்று குழுவில் கேட்டிருந்தேன்.

இது போதாதா, புதுச் சொல் எதற்கு என்று திருமங்கலத்து ஐயா கேட்டிருக்கிறார். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாள்தோறும் வெளியிடும் காற்றுத் தரக் குறியீட்டில், ஒவ்வொரு ஊரிலும் அன்றைக்கு எந்த மாசு மேலோங்கி நிற்கிறது என்று காட்ட ஒரு கட்டம் உண்டு. தமிழில் எழுதுகிறவர் அதை ‘முதன்மை மாசு’ என்றுதான் எழுதுவார், வேறெப்படி எழுதுவார்? வெயில் கொளுத்தும் நாளில் அந்தக் கட்டத்தில் ஓசோன் வரலாம். ‘இன்றைய முதன்மை மாசு ஓசோன்’ என்று செய்தி வரும். ‘ஓசோன் இரண்டாம் நிலை மாசு’ என்று பாடம் இருக்கும். பிள்ளை எதை நம்பும்?

அப்புறம் ‘இரண்டாம் நிலை’ என்ற தொடரே தொல்லைதான். இரண்டாம் நிலைக் காவலர் என்றால் யார் என்று ஊருக்கே தெரியும். கீழ்ப்படி, கொஞ்சம் லேசானது என்ற நினைப்பு அதோடு ஒட்டிக்கொண்டு வரும். ஓசோன் லேசானதா? மூச்சுக் குழாயை அழற்சிக்கு உள்ளாக்கும், ஆஸ்துமா உள்ளவரைப் படுக்க வைக்கும், இலைத்துளை வழியாக நுழைந்து பயிரின் விளைச்சலையும் குறைக்கும். எட்டு மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டுத் தரநிலையே வரம்பு கட்டியிருக்கிறது.

பெயர் பிசகினால் தேடும் இடமும் பிசகும். 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் கண்ணெரியும் மூட்டம் ஒன்று சூழ்ந்தது. போர்க்காலம் என்பதால் ஜப்பானியர் வாயுவை ஏவிவிட்டார்கள் என்றுகூடப் பயந்தார்கள். பிறகு செயற்கை ரப்பருக்காக பியூட்டாடையீன் செய்த ஆலை ஒன்றின் மேல் பழி விழுந்தது. ஆலையை நிறுத்திப் பார்த்தும் மூட்டம் போகவில்லை. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர்தான், 1950களின் தொடக்கத்தில் முடிச்சை அவிழ்த்தார். வண்டிப் புகையிலும் எண்ணெய் ஆலை ஆவியிலும் உள்ள ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று காட்டினார். வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டில் விரிசல் விழ எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து ஓசோனை அளந்ததும் அந்தக் காலத்தில்தான். புகைபோக்கி புகைபோக்கியாகத் தேடினாலும் அகப்படாது, ஏனென்றால் எதிலும் அது இல்லை. இந்தச் செய்தி சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

வேதியியலையும் சொல்லிவிடுகிறேன், சொற்களை எடைபோட அது வேண்டும். வெயில் பட்டால் நைட்ரஜன் டைஆக்சைடு பிளந்து ஓர் ஆக்சிஜன் அணுவை விடுகிறது. அந்த அணு காற்றில் இருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்தால் ஓசோன். மிஞ்சிய நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனைத் தின்று மறுபடி டைஆக்சைடு ஆகிவிடும்; வரவும் செலவும் நேராகிவிடும். பெட்ரோல் ஆவி, பெயிண்ட் ஆவி, மரங்கள் விடும் ஐசோபிரீன் போன்ற ஆவியாகும் கரிமப் பொருள்கள் நடுவில் வந்தால்தான் கணக்கு குலைகிறது. அவை சிதையும்போது பிறக்கும் தனி உறுப்புகள் (எதோடாவது சட்டென்று வினைபுரியும் மூலக்கூறுத் துணுக்குகள்) நைட்ரிக் ஆக்சைடைத் தாமே டைஆக்சைடாக மாற்றிவிடுவதால், ஓசோன் செலவாகாமல் சேர்ந்துகொண்டே போகிறது.

மதுரைக் காளவாசல் சந்திப்பில் சிக்னலுக்கு நிற்கிறவரைச் சுற்றி ஓசோன் குறைவாகவே இருக்கும், சைலன்சரிலிருந்து புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு அங்கேயே அதைத் தீர்த்துவிடும் என்பதால். அந்தப் புகை காற்றோடு நகர்ந்து சில மணி நேரம் வெயிலில் கிடந்த பிறகுதான் ஓசோன் ஏறும். ஆடி மாத மேல்காற்றில் மதுரைப் புகை திருப்புவனம், சிவகங்கைப் பக்கம்தான் போகும். 2020 ஊரடங்கில் வண்டிகள் நின்ற பிறகும் உலகின் பல நகரங்களில் ஓசோன் ஏறியதற்கும் இந்த வரவு செலவு ஒரு முக்கியக் காரணம். இதையெல்லாம் ‘இரண்டாம் நிலை’ எங்கே சொல்கிறது?

சரி, வந்த சொற்களைப் பார்ப்போம்.

> முதல்நூல், வழிநூல் என்று சொல்வதுபோல முதல்மாசு, வழிமாசு என்று வைக்கலாமே?

அழகான சொல்தான், முதல்நூலைப் பின்பற்றி எழுதுவது வழிநூல் என்ற மரபும் இருக்கிறது. ஆனால் இலக்கணம் படிக்காத காதுக்கு ‘வழிமாசு’ என்றால் ரோட்டுப் புழுதிதான். ரோட்டுப் புழுதி நேரே கிளம்பும் மாசு, பொருள் தலைகீழாகிவிடும்.

> வினைமாசு. வேதிவினையால் வருவது.

விறகு எரிவதும் வேதிவினைதானே? அடுப்புக் கரியையும் இதில் சேர்க்க வேண்டி வரும். தவிர, ‘வினை’ என்றதும் நம்மவர் மனசு முன்வினை, தீவினை என்று ஓடிவிடும்.

> திரிமாசு. ஒன்று திரிந்து இன்னொன்றாவது.

இதில் கொஞ்சம் தயங்கினேன். அனல்மின் நிலையத்திலிருந்து வரும் கந்தக டைஆக்சைடு காற்றில் சல்பேட் துகளாக மாறுவதற்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஓசோனுக்குப் பொருந்தாது. ஓசோனின் மூன்று அணுக்களில் இரண்டு, நாம் மூச்சு விடும் சாதாரண ஆக்சிஜனிலிருந்து வந்தவை. மாசு திரிந்து ஓசோன் ஆகவில்லை, ஓசோன் புதிதாகத் தோன்றுகிறது. (புணர்ச்சி இலக்கணத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று விகாரம் படித்தோமே, காற்றில் மூன்றும் நடக்கின்றன. இரவில் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தீர்ப்பது கெடுதல். தமிழாசிரியர்கள் மன்னிக்கவும், கை சும்மா இருக்கவில்லை.)

என் பரிந்துரை: நேரே வெளிவருவது உமிழ்மாசு, காற்றில் உண்டாவது விளைமாசு. இரண்டும் வினைத்தொகை. ‘உமிழ்வு’ ஏற்கெனவே சுற்றுச்சூழல் எழுத்தில் நிலைத்துவிட்ட சொல் என்பதால் உமிழ்மாசை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஓசோன், சல்பேட், நைட்ரேட் துகள் எல்லாம் விளைமாசு. நுண்துகளில் இரண்டு வகையும் கலந்திருக்கும். ‘பாதி உமிழ்மாசு, பாதி விளைமாசு’ என்று வாக்கியத்தில் சிக்கலில்லாமல் எழுத வருகிறது.

மேலூர் ஆசிரியை அம்மா, விளைநிலம், விளைபொருள் என்று பழகிய பிள்ளைகள் இதை உரம், பூச்சிமருந்து மாசு என்று எடுத்துக்கொள்வார்கள் என்கிறார். முதல் தடவை அப்படித் தோன்றலாம். ஆனால் அந்த வயல்காட்டு நினைவு எனக்குச் சாதகம்தான். நெல்லை யாரும் நெல்லாகவே கொண்டுவந்து கொட்டுவதில்லை. வித்து வேண்டும், வெயில் வேண்டும், நாள் ஆக வேண்டும், விளைந்தது வேறு ஊர்ச் சந்தைக்குப் போகும். ஓசோனுக்கும் அத்தனையும் பொருந்துகிறது, வகுப்பில் இப்படியே சொல்லிக்கொடுக்கலாம்.

ஓசோனுக்கே தமிழ்ப்பெயர் வேண்டும் என்பவர்கள் தனி இழை தொடங்குங்கள். மணத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வேதியியலாளர் ஷேன்பைன் வைத்த பெயர் அது. பழைய ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றவர்களுக்கு ஏன் என்று புரியும். எனக்கு ஓசோன் ஓசோனாகவே இருக்கட்டும்.

ஆனால் ‘தரைமட்ட’ என்ற அடைமொழியை எந்த இடத்திலும் விடக் கூடாது. ஓசோனில் ஏறத்தாழ 90 விழுக்காடு மேலே மீள் அடுக்கில் இருக்கிறது. கொடைக்கானல் வானாய்வகத்தில் டாப்சன் கருவி வைத்துப் பல பத்தாண்டுகளாக அளந்தது தரையிலிருந்து உச்சிவரை உள்ள மொத்த ஓசோனை. அந்த எண்ணையும் மதுரைத் தெருவில் அளக்கும் எண்ணையும் ஒரே பெயரில் எழுதினால், ‘ஓசோன் கூடுகிறதாம், ஓட்டை அடைபடுகிறது’ என்று யாராவது சந்தோஷப்படுவார்கள்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை: விளைமாசுக்கு முன்னே காற்றில் இருக்கும் பொருளுக்கு என்ன பெயர்? ‘முன்னோடி’ என்றால் பாராட்டு விழா போல இருக்கிறது. ‘மூலமாசு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பொருள்கள் எல்லாமே மாசு இல்லையே. மதுரை மல்லியின் மணத்தில் உள்ள லினலூலும் ஆவியாகும் கரிமப் பொருள்தான். அதை மாசு என்று அச்சிட்டால் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் பக்கம் நான் போக முடியாது. ‘வித்துப்பொருள்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். செயற்கை மழைக்கு மேகத்தில் தூவும் உப்பையும் வித்து என்கிறார்களே, அங்கே மோதுமா என்பதுதான் சந்தேகம். வானிலைத் துறையில் வேலை செய்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். மற்ற இரண்டு சொற்களையும் கட்டுரையில் ஏற்றிவிட்டேன், இதற்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். கையேடு அச்சுக்குப் போவதற்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
மதுரை, செல்லூரிலிருந்து