ரோலரோடு உரிந்து வந்த முதல் பூச்சு: சொந்தக் கையால் வீட்டுக்கு வண்ணம் பூசிய அனுபவம்

பழைய சுவரின் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டால் செலவு குறையாதா என்று கேட்டிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆள் வைத்துச் செய்ய வசதியில்லை. கூலியோடு பிரைமரையும் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) மிச்சப்படுத்தலாம் என்று படுக்கையறையில் எமல்ஷனை (நீர் கலந்து பூசும் பெயிண்ட்) நேரடியாகப் பூசினேன். முதல் பூச்சு அழகாகத்தான் ஏறியது. இரண்டாவது பூச்சுக்கு ரோலரை மேலே இழுத்தபோது, முதல் பூச்சு உள்ளங்கை அகலத்துக்குத் தோல்போல உரிந்து ரோலரில் சுற்றிக்கொண்டது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க வெள்ளை மாவு.

சுவரில் முன்பு அடித்திருந்த டிஸ்டெம்பர், அதாவது சுண்ணத்தூள் கலந்த மலிவுப் பூச்சு, பொடிந்துபோயிருந்தது. புதுப் பெயிண்ட் பிடித்திருந்தது அந்தப் பொடியைத்தான், சுவரை அல்ல. மறுபடி ஈரம் பட்டதும் எல்லாம் கழன்றுவிட்டது. தொடங்கும் முன் சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே திறக்காதீர்கள்.

அடுத்த நான்கு நாட்களும் சுரண்டல் வேலைதான். நீர் தெளித்து ஊறவிட்டுத் தகட்டால் வழித்தேன். அம்மா வாளியும் ஈரத்துணியுமாகக் கூடவே நின்றார். விரிசல்களுக்குப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்து, காய்ந்தபின் 180 எண் உப்புத்தாளால் தேய்த்தோம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால், பகலில் சமமாகத் தெரிந்த இடத்திலும் மேடு பள்ளம் நிழலாக எழும். அங்கே மறுபடி பட்டி பார்த்தோம். தூசியைத் துடைத்த பிறகே பிரைமர். அதன்மேல் பூசிய பெயிண்ட் இன்றுவரை அசையவில்லை.

அளவுக் கணக்கையும் முதலிலேயே போட்டுவிடுங்கள். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறைக்கு நான்கு சுவர்களும் சேர்ந்து 42 சதுர மீட்டர். கதவு, ஜன்னலைக் கழித்தால் ஏறக்குறைய 37. இரண்டு பூச்சுக்கு 74. லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்தால் ஏழரை லிட்டர் வேண்டும். நான் குறைவாக வாங்கிவிட்டு, பிறகு இன்னொரு டப்பா வாங்கினேன். அதே நிறம்தான், ஆனாலும் சாயல் சற்று மாறி, சுவரின் நடுவில் கோடாகத் தெரிந்தது. அடுத்த அறைக்கு எல்லா டப்பாக்களையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொண்டேன்.

* * *

எங்கள் வீட்டில் நடந்தது வேறு மாதிரி, அண்ணா. சமையலறைச் சுவரில் முன்பு எண்ணெய்ப் பெயிண்ட் அடித்திருந்தது தெரியாமல் எமல்ஷன் பூசினோம். ஒரே மாதத்தில், நகத்தால் கீறினாலே உரிந்து வந்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பழைய பெயிண்டைத் தேய்த்துப் பார்த்திருக்க வேண்டும். நிறம் பஞ்சில் இறங்கினால் எமல்ஷன், இறங்காவிட்டால் பெரும்பாலும் எண்ணெய்ப் பெயிண்ட்தான். மிகப் பழைய வீடாக இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். பரிசோதிக்காமல் உப்புத்தாளை எடுக்காதீர்கள், அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கே கேடு.

எங்கள் கூடத்தில் ஜன்னலுக்குக் கீழே ஓதம் வேறு இருக்கிறது. அதற்கு என்ன செய்யலாம்?

* * *

எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது, சகோதரி. பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டேன். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தது, அதாவது ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளியே போய்ப் பார்த்தால் ஜன்னல் விளிம்பில் விரல் நுழையும் விரிசல். அதை அடைத்துவிட்டேன். சுவர் முழுக்கக் காயும்வரை அந்த இடத்தைப் பூசாமல் வெறும் சிமெண்டாகவே விட்டிருக்கிறேன்.