பெஷாட்: ‘நேர்ப்பொருள்’ போதாது, ‘செம்பொருள்’ வேண்டும்

யூத உரைமரபில் மறைநூலுக்குப் பொருள் காணும் வழிகள் பல. வாசகம் அந்த இடத்தில் சொல்லவருவதைக் காண்பது ‘பெஷாட்’, சொல்லையும் எழுத்தையும் துருவிப் பொருள் எடுப்பது ‘தெராஷ்’. தமிழில் முன்னதற்கு ‘நேர்ப்பொருள்’, பின்னதற்கு ‘மறைபொருள்’ என்ற பரிந்துரைகளைப் படித்தேன். முதலாவதில் எனக்குத் தயக்கம் உண்டு. இரண்டாவதை ஏற்கவே முடியாது. ‘டோட்டாஃபோத்’ என்ற எபிரேயச் சொல்லை எடுத்து உரசிப் பார்ப்போம்.

விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவில் மூன்றே இடங்களில் வரும் சொல் இது: யாத்திராகமம் 13:16, உபாகமம் 6:8, 11:18. இது கண்களுக்கு நடுவே இருக்க வேண்டும் என்பது கட்டளை. எது என்பதில்தான் சிக்கல். தமிழ் விவிலியம் ‘ஞாபகக்குறி’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறது.

யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தால்முதில் ரபி அகிவா என்ற அறிஞர் சொல்லைப் பிளக்கிறார்: ‘டட்’ என்றால் கத்பி மொழியில் இரண்டு, ‘பத்’ என்றால் அஃப்ரிக்கி மொழியில் இரண்டு, ஆக நான்கு. இந்தக் கட்டளைப்படி யூதர்கள் வழிபாட்டின்போது கையிலும் தலையிலும் கட்டிக்கொள்ளும் தோல்பேழைகளே தெஃபிலின். தலையில் அணியும் பேழைக்கு நான்கு அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மறைப்பகுதி எழுதிய தோல்சுருள். கணக்குச் சரியாகிவிட்டது! ரபி இஸ்மாயேல் வேறு மொழிகளைத் தேடிப் போகவில்லை. மூன்று இடங்களிலும் அச்சொல்லின் எழுத்துக்கூட்டலை ஒப்பிட்டு, ஒருமைபோல் எழுதியதை ஒன்றாகவும் பன்மைபோல் எழுதியதை இரண்டாகவும் கொண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு என எண்ணி அதே நான்கை அடைகிறார். இதுதான் தெராஷ். இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. எல்லார் கண்ணெதிரே எழுத்தைத் துருவும் வேலை. ‘மறைபொருள்’ என்று இதற்குப் பெயரிட்டால், உண்மையிலேயே மறைஞானத்தைக் குறிக்கும் ‘சோத்’ என்பதற்கு எதை வைப்போம்?

இனிப் பெஷாட். 1105இல் மறைந்த உரையாசிரியர் ராஷி, அகிவாவின் விளக்கத்தோடு எபிரேய அகராதி எழுதிய மெனாகெம் பென் சாரூக்கின் கருத்தையும் தருகிறார்: இது பேச்சைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது, பார்ப்பவர் நினைவுகூர்ந்து பேசுவதற்கானது. மற்றோர் உரையாசிரியரான ராம்பானோ, தால்முதுக்கு அடிப்படையான சட்டத்தொகுப்பாகிய மிஷ்னாவில் பெண்களின் தலையணி ஒன்றுக்கு இதே பெயர் வழங்குவதைக் காட்டி, தலையில் அணிவது என்கிறார். எனக்கு இதுவே வலுவாகப்படுகிறது. வேர்ச்சொல் ஊகத்தைவிட வழக்குச் சான்று மேல்.

‘நேர்ப்பொருள்’ இடறி விழுவது ராஷியின் பேரர் ராஷ்பாமிடம். யாத்திராகமம் 13:9இல் ‘கையில் அடையாளம்’ என்பதற்கு, பெஷாட்டின் ஆழத்தின்படி, கையில் எழுதியதுபோல் என்றும் நினைவில் இருப்பது என்று உரை எழுதுகிறார். உன்னதப்பாட்டின் ‘என்னை உன் இருதயத்தில் முத்திரையாக வை’ என்ற அடியைத் துணைக்கு அழைக்கிறார். கையில் கட்டு என்றால் கட்டு என்பது சட்டமரபு. அது உவமை என்பது பெஷாட்! சொல்லுக்குச் சொல் கொள்ளும் பொருளே பெஷாட் என்றால் இந்த இடம் தலைகீழாகிவிடும். இன்னோர் உரையாசிரியர் இப்ன் எஸ்ராவும் பெஷாட்காரர்தான். அவரோ, இது நீதிமொழிகள் நூல் அல்ல, தோராவின் சொல்லை உவமையாக்காதே என்று இந்தப் போக்கை மறுக்கிறார். இருவரும் மோதுவது ‘இந்த இடத்தில் வாசகம் சொல்லவருவது என்ன’ என்பதில்.

ஆகவே என் பரிந்துரை ‘செம்பொருள்’. தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையானது ஒன்று, மறைத்தது மற்றொன்று. செம்மை என்பதில் நேர்மையோடு பொருத்தமும் அடங்கும். உவமையாகச் சொன்னதை உவமையாகவே கொள்வதும் செம்பொருள்தான். திருக்குறளிலும் சைவ நூல்களிலும் செம்பொருள் பரம்பொருள் ஆயிற்றே என்று கேட்பீர்கள். உரைநெறி பற்றிய கட்டுரையில் எந்த வாசகரும் அங்கே போய் முட்டிக்கொள்ள மாட்டார்.

தெராஷுக்குத் ‘துருவுபொருள்’ என்று வைக்கலாம். அதன் எபிரேய வேருக்கும் தேடு, உசாவு என்றே பொருள். காதுக்குக் கரடுமுரடாகத்தான் இருக்கிறது. ‘தேடுபொருள்’ என்றால் கூகுளில் தட்டுவது என்று எண்ணிவிடுவார்கள். ‘உசாப்பொருள்’ பொருத்தமானது, ஆனால் இன்று எத்தனை பேருக்குப் புரியும்? ‘ரெமெஸ்’ என்பதற்குக் ‘குறிப்புப்பொருள்’ என்பதில் யாருக்கும் மறுப்பிருக்காது. தெராஷுக்கு இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். ‘மறைபொருள்’ மட்டும் வேண்டாம்.