கைக்கு எட்டி நழுவிய பழைய காமிக்ஸ்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாசிவீதி வாசகன்

திருமங்கலத்தில் ஒரு பழைய பேப்பர் கடை. வாரப் பத்திரிகைக் குவியலுக்கு நடுவே ஒரு முத்து காமிக்ஸின் முதுகு தெரிந்தது. எழுபதுகளில் வந்த இரும்புக்கை மாயாவி சாகசக் கதை. இங்கே இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். முதுகில் மடிப்பு இல்லை, கம்பிப் பின்னில் துரு இல்லை, அட்டையின் நான்கு மூலைகளும் கூராக நின்றன. வாங்கியவர் திறந்தே பார்க்கவில்லை போலும்.

"அண்ணாச்சி, அதில் ஒரு புத்தகம் எனக்கு வேண்டும்" என்றேன். "இருங்கள் தம்பி, இந்தக் கட்டை முடித்துவிடுகிறேன்" என்றவர், கட்டின் மேல் முழங்காலை ஊன்றிச் சணல் கயிற்றை இழுத்து இறுக்கினார். அட்டை விளிம்புக்குள் கயிறு இறங்குவதைக் கண்ணாலேயே பார்த்தேன். இரண்டாவது சுற்று. முடிச்சு. பிறகு எனக்காக அவிழ்த்து, புத்தகத்தை உருவிக் கொடுத்து, "ஒற்றைப் புத்தகத்துக்கு என்ன காசு, கொண்டு போங்கள்" என்றார்.

அவர் மேல் கோபமில்லை. கயிறு தளர்ந்தால் வண்டியில் கட்டு சரியும். ஆனால் அந்த நான்கு வெட்டுகளும் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

லாரன்ஸ் டேவிட் கட்சி

நீங்கள் பார்த்தது கயிறு. நான் பார்த்தது ரப்பர் ஸ்டாம்ப்.

எங்கள் பகுதியில் ஒரு வாடகை நூல் நிலையம் மூடப்போகிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். உரிமையாளர் வயதானவர், கணக்கில் கறார். வாடகைக்கு விட்டவை எல்லாம் கந்தல். ஆனால் மேசை இழுப்பறையில், வாடகைக்கே விடாமல், எண்பதுகளின் லயன் காமிக்ஸ் ஒரு அடுக்கு வைத்திருந்தார். ஸ்பைடர், மாடஸ்டி, ஆர்ச்சி ஆகிய நாயகர்களின் கதைகள். வந்த அன்று போலவே இருந்தன. விலை பேசி முடித்தாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று.

அப்போது அவர் மைப்பெட்டியைத் திறந்தார். "ஐயா, எதற்கு?" என்றேன். "கணக்கிலிருந்து நீக்க வேண்டாமா அம்மா?" என்று சொல்லிக்கொண்டே முதல் புத்தகத்தின் முகப்பில், ஸ்பைடரின் நெற்றியில், 'நீக்கப்பட்டது' என்று ஓங்கி ஒரு குத்து. ஊதா மை. நான் கையை நீட்டுவதற்குள் இரண்டாவது. மூடப்போகிற நூலகத்துக்குக் கணக்கு எதற்கு என்று கேட்டதற்கு, "மூடும் வரைக்கும் திறந்துதானே இருக்கிறது" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? மீதிப் புத்தகங்களில் கடைசிப் பக்கத்தின் உள்மூலையில் குத்தும்படி கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

பைண்டிங் பித்தன்

மேலே இருவரும் புலம்புவது எனக்குப் புரியவில்லை. மூலை மழுங்கினால் கதை குறைந்துவிடுமா? அமெரிக்காவில் சிஜிசி என்ற நிறுவனம் 2000 முதல் காமிக்ஸ் இதழின் நிலையைப் பார்த்து 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடித் தருகிறது. மூடிய பிறகு படிக்க முடியாது. அந்தப் பித்து இங்கே எதற்கு? நம் புத்தகங்கள் சிவகாசியில் மலிவான காகிதத்தில் அச்சாகி, தெருப் பிள்ளைகள் கைகளில் சுற்றி, கடைசியில் எடைக்குப் போனவை. நமக்கு மூன்று கேள்வி போதும்: அட்டை அசல்தானா, நடுப்பக்கம் இருக்கிறதா, கடைசிப் பக்கம் இருக்கிறதா. முத்திரை இருந்தால் அதுவும் வரலாறுதான்.

என் அனுபவம் சின்னது. உசிலம்பட்டியில் ஒருவரிடம் அருமையான ராணி காமிக்ஸ் அடுக்கு கிடைத்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால் எல்லாவற்றிலும் செல்லோ டேப்.

ஆகவே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். டேப் ஒட்டாதீர்கள், பசை பழுத்துக் காகிதத்துக்குள் இறங்கும், பிறகு எடுக்கவே முடியாது. பாத்திரக் கடையில் விற்கும் பிவிசி உறை வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்து அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள், பின்னால் அமிலமற்ற அட்டை வையுங்கள். சாதாரண அட்டைப் பெட்டி அட்டையே அமிலம் கக்கும். நியூஸ்பிரிண்டில் லிக்னின் என்ற மரப்பொருள் உண்டு, வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும்; எனவே ஜன்னலோர அலமாரி கூடாது. மதுரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் வைத்தால் காகிதம் அப்பளமாக நொறுங்கும். மழைக்காலத்தில் கம்பிப் பின் துருப்பிடிக்கும், துரு காகிதத்துக்குப் பரவும். வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் போடுங்கள், புத்தகத்தில் படக் கூடாது. வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவே வைக்கும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள், ஈரம் இறங்கும்.

மேலூர் மாண்ட்ரேக்

பித்தன் ஐயா, யாரும் கேட்காத வகுப்பு. சரி, இருக்கட்டும்.

சோழவந்தான் பக்கம் ஒரு சேகரிப்பாளர் காலமாகி, அவருடைய மகன் விற்கிறார் என்று தகவல் வந்தது. போனேன். டிரங்குப் பெட்டி. மேலே இருந்ததே எழுபதுகளின் முகமூடி வீரர் வேதாளர் கதை, பளிச்சென்று. விலை கேட்டேன். மகன் உள்ளே போய் ஒரு செய்தித்தாள் நறுக்கைக் கொண்டுவந்து என் முன் விரித்தார். சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 1938 இதழ், 2024 ஏலத்தில் 60 லட்சம் டாலருக்குப் போன செய்தி. "இது பத்து சென்ட் புத்தகமாம் சார். அப்பா புத்தகமும் பழசுதானே?" என்றார்.

அந்த இதழ் 8.5 மதிப்பெண் வாங்கியது, வாங்க உலகமெங்கும் ஆள் உண்டு, நம் புத்தகங்களைத் தேடுவோர் ஒரு பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள், மாயாவி கதைகளுக்கே மறுபதிப்பு வந்திருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு நறுக்கை அழகாக மடித்து, வேதாளர் மேலேயே வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்டார். அந்த மை அட்டையில் ஒட்டாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் இன்றுவரை என் கவலை.

புதுமண்டபத்துப் பழைய ஆள்

பேரு பழசுதான், மதுரைப் புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன என்பது எனக்கும் தெரியும், யாரும் திருத்த வேண்டாம்.

"அட்டை அசல்தானா" என்று பித்தன் போகிறபோக்கில் எழுதிவிட்டார். எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லவில்லையே. மாட்டுத்தாவணியில் ஒரு டீக்கடையில் விற்பவரைச் சந்தித்தேன். அட்டை அபாரம். உள்ளே பார்த்தால் நடுப்பக்கத்தில் பின்னைச் சுற்றித் துருவின் பழுப்பு வட்டம். அட்டையில் அதே பின் துளையைச் சுற்றி ஒரு கறையும் இல்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே டம்ளரிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அட்டையில் இருந்த மாயாவி படத்தின் சிவப்பு கரைந்து ஓடியது. அச்சகத்து ஆப்செட் மை அப்படி ஓடாது. அது வீட்டு பிரிண்டரில் எடுத்த நகல். விற்றவர் கொஞ்சமும் அசரவில்லை. "பழைய மை சார், இளகும்" என்றார்.

லென்ஸ் கொண்டு போங்கள். அசல் அட்டையில் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் நிற்கும்; நகலில் தூவியது போலச் சிதறிக் கிடக்கும்.

மாசிவீதி வாசகன்

பித்தன், மூலை எனக்குக் கதைக்காக வேண்டியதில்லை. கதை மறுபதிப்பில் இருக்கிறது, அதையும் வாங்கி வைத்திருக்கிறேன். கடையில் தொங்கியபோது அது எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சிவகாசி நமக்கு இரண்டு மணி நேரப் பஸ் பயணம். அங்கே அச்சான புத்தகம் மதுரையில் கசங்காமல் கிடைக்கவில்லை என்பது உங்களுக்கு உறுத்தவில்லையா?

பைண்டிங் பித்தன்

உறுத்தவில்லை. கசங்கினால்தான் யாரோ படித்தார்கள் என்று பொருள். ஸ்டாம்ப் விஷயத்திலும் அதே கருத்துதான்.

லாரன்ஸ் டேவிட் கட்சி

மிக்க மகிழ்ச்சி. அந்த நூலகத்தில் மேசை நாற்காலியோடு ஸ்டாம்பையும் மைப்பெட்டியையும் விற்றார்கள். இனி ஒருவர் கையிலும் சிக்கக் கூடாதென்று நானே வாங்கிவிட்டேன். உங்கள் முகவரியை அனுப்புங்கள். அடுத்த ஞாயிறு வந்து உங்கள் அலமாரி முழுவதற்கும் வரலாறு சேர்த்துவிட்டுப் போகிறேன்.